தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

எங்கள் சுனைப்பாறைக்கு எந்த மழைக்காலத்தில் வந்தாலும் நீங்கள் குடை கொண்டுவர வேண்டாம். இங்கே மழை எலுமிச்சைத் தோப்புக்குப் பெய்யும், குளத்துக்குப் பெய்யும், மாட்டுக்குக்கூடப் பெய்யும், ஆளுக்குப் பெய்யாது. நனைந்தே தீருவேன் என்று ஆசை இருந்தால் பேராச்சியின் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும், அந்த நாலு சென்ட் இடத்தில் மட்டும் மழை எல்லா ஊர் மழையையும் போல ஆள் தலையிலும் விழுகிறது, அதனால் சாரல் பிடித்துவிட்டால் எங்கள் ஆட்கள் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, வெளியூருக்குக் கிளம்புகிறவர்கள் மாதிரி வீட்டில் சொல்லிக்கொண்டு, அங்கே போய் அரைமணி நேரம் நனைந்துவிட்டு முகம் தெளிந்து திரும்பி வருகிறார்கள். இதெல்லாம் ஒரு தாழ்ப்பாளால் வந்தது. முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

பேராச்சி சித்தாள் வேலைக்குப் போனவள். முப்பது வருசம் சாந்துச் சட்டி சுமந்தவள். அவள் தலைவழியாக எழும்பிய வீடுகளை வரிசையாக நிறுத்தினால் எங்கள் ஊரிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் ஒரு தெரு காணும். அத்தனை வீட்டிலும் அவள் பார்த்து வைத்திருந்தாள், எந்த ஜன்னல் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது, எந்த அடுப்படியில் நிற்கிறவளுக்கு வெயில் வந்ததும் போனதும் தெரியாமலே நாள் கழிந்துவிடும், எந்த வீட்டில் வாசல் மரத்தை வெட்டிப்போட்டுவிட்டு அந்த இடத்துச் சுவரிலேயே மரம் போட்ட படத்தை வாங்கி மாட்டினார்கள் என்று. வாயைத் திறந்து சொன்னதில்லை. சித்தாளிடம் யார் யோசனை கேட்கிறார்கள்? வேலை முடிந்து போகும்போது உடைந்து கிடக்கிற டைல்ஸ் துண்டு இரண்டைச் சட்டியில் போட்டுக்கொண்டு போவாள், அவ்வளவுதான்.

அவள் புருசன் பூதத்தான் கொத்தனார். தூக்குக்குண்டு விடாமல் ஒரு கண்ணை மூடியே சுவர் நேர் பார்த்துச் சொல்லிவிடுவார். இந்தத் தாழ்ப்பாள் வருவதற்குப் பதினோரு வருசத்துக்கு முன்னால் வடக்கே ஒரு பஞ்சு மில்லில் குடோன் பூச்சுக்குப் போயிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம், உள்ளே ஆள் நிற்பது தெரியாமல் யாரோ கதவைச் சாத்தி வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மழையில் ஊறிக்கிடந்த பின்சுவர் சரிந்தது. திங்கட்கிழமை காலையில் கதவைத் திறக்கிற வரைக்கும் அந்த மனுசன் செங்கல்லுக்கும் கதவுக்கும் நடுவில் கிடந்து கதவைத் தடவிக்கொண்டே இருந்திருக்கிறார். உடம்பில் பெரிய காயம் ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு வெளியே வந்தவர், பிறகு எந்த வீட்டுக்குள்ளும் காலை வைக்கவில்லை. பஸ் நிற்கிற இடத்தில், புளியமரத்தடியில் கிடந்த ஒரு கல்லில் இருந்துகொண்டார். மழை வந்தால் உரச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு அந்தக் கல்லிலேயே குந்தியிருப்பார். பேச்செல்லாம் சரியான பேச்சு, கேலியும் கிண்டலும் பழையபடிதான். "உள்ள வாங்க" என்று மட்டும் சொல்லக் கூடாது, சொன்னால் முகம் சுண்ணாம்பாகிவிடும்.

பேராச்சி வாடகைக்கு ஒரு அறையில் இருந்தாள். மூன்று வேளையும் தூக்குவாளியில் சோறு கொண்டுபோய் அவர் தின்று முடிக்கிறவரை பக்கத்தில் இருந்து பேசிவிட்டு வருவாள். அவளுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, இந்த மனுசன் வந்து இருக்கிற மாதிரி ஒரு வீடு.

அப்படியிருக்கும்போது அரசாங்கத்தில் அவளுக்கு நாலு சென்ட் மனை கொடுத்தார்கள். பார்த்தால் அது அந்தப் புளியமரத்துக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு இந்தப் பக்கம். அவள் செம்புலிங்க ஆசாரியிடம் போனாள்.

"ஆசாரியாரே, சுவரு இடுப்பளவு போதும். கூர வேண்டாம்."

"அதுக்குப் பேரு வீடு இல்ல தாயி, மாட்டுத் தொழு."

"என் வீட்டுக்காரர் வந்து படுத்தா வீடுதான். படுக்கலைன்னா அரமனையும் தொழுதான். நீரு வாசல் நிலையச் செய்யும்."

அவள் கொண்டுவந்த மரம் பூவரசு, வெட்டி ஒரு வாரம் ஆகாத பச்சை மரம். ஆசாரி தலையில் அடித்துக்கொண்டுதான் இழைத்தார். ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் நிலை வைப்பதென்று நாள் பார்த்தாயிற்று, அதை விட்டால் ஆடி, ஆடியில் யாரும் நிலை வைக்க மாட்டார்கள். மஞ்சளும் குங்குமமும் வந்தன, நவதானியம் வந்தது, பால் வந்தது, ஊர்ப் பெண்கள் வந்தார்கள். அஸ்திவாரக் கல் ஏற்றிய லாரி மட்டும் வரவில்லை, ஓடைக்குள் இறங்கி அச்சு முறிந்து நின்றுவிட்டது. ஏழரைக்கு நேரம் முடிகிறது, மணி ஏழு இருபது. ஆசாரி கடிகாரத்தைப் பார்த்தார், ஓடைப் பக்கம் பார்த்தார், பிறகு கடப்பாரையை எடுத்துத் தரையில் இரண்டு குழி போட்டார்.

"நிலைய நேரத்துக்கு வைப்போம். சுவரு பின்னால வந்து சேர்ந்துக்கிடட்டும்."

அப்படித்தான், சுவரில்லாத, கூரையில்லாத, அஸ்திவாரமும் இல்லாத வெட்டவெளியில், நவதானியத்தின்மேல், பால் தெளித்து, குலவை போட்டு, ஒரு நிலை மட்டும் நின்றது. அந்தப் பக்கம் ரோடு, இந்தப் பக்கம் நாலு சென்ட் பொட்டலும் ஒரு முருங்கையும், அதற்குப் பின்னால் மலை.

ஆடி ஐந்தாம் தேதி சாரல் இறங்கியது. பேராச்சி டைல்ஸ் துண்டுக் கூடையோடு நிலை வழியாகக் குனிந்து உள்ளே போனாள். நிலை வைத்த வீட்டில் வேறு வழியாகப் போகக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததா? பக்கத்து வீட்டு ஆவுடை குறுக்கு வழியாகப் பக்கவாட்டில் வந்து சேர்ந்தாள், சேலை உடம்போடு ஒட்டிச் சொட்டச் சொட்ட நின்றாள்.

"ஏ மதினி, நீ ஏன் நனையல?"

பேராச்சி தன் கையைப் பார்த்தாள், காய்ந்திருந்தது.

"உள்ள இருக்கேம்லா," என்றாள். "உள்ள இருந்தா எப்படி நனையும்?"

ஆவுடைக்கு அது சரியென்று பட்டது. ரோட்டுக்குத் திரும்பிப் போய், நிலை வழியாக வந்தாள். மழை நின்றுவிட்டது, மழை நிற்கவில்லை, அவள்மேல் விழுவது நின்றுவிட்டது. முருங்கை இலை நனைந்துகொண்டிருந்தது, மண் நனைந்துகொண்டிருந்தது, இரண்டு பொம்பளைகள் நடுவில் காய்ந்த மேனிக்கு நின்று வெற்றிலை போட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க வந்து பார்த்தாயிற்று. முதல் நாள் ஒவ்வொருவராக நிலை வழியாகப் போய், பக்கவாட்டில் வெளியே வந்து நனைந்து, மறுபடி நிலை வழியாகப் போய்ப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் யாரும் சொல்லாமலே செருப்பை நிலைக்கு வெளியே கழற்றினார்கள். மூன்றாம் நாள் சண்டைக்காரர்கள் உள்ளே வந்தால் குரலைத் தணித்துப் பேசினார்கள், அடுத்த வீட்டுக்குள் இருந்துகொண்டு கத்துவது மரியாதையா? ஆவுடை வீட்டுப் பூனை இரண்டு தடவை வேலி வழியாக வந்து நனைந்து உடம்பைச் சிலிர்த்துவிட்டு, அதற்குப் பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு வாசல் வழியாகவே வரப் பழகிக்கொண்டது. கொசு மட்டும் எந்த வழியாக வந்ததோ, எல்லா வீட்டையும் போல அங்கேயும் கடித்தது.

ஆபீசிலிருந்து ஓவர்சியர் வந்தார், சுவர் ஏன் எழும்பவில்லை என்று கேட்க. பக்கவாட்டில் நின்று டேப்பைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா சுவர்? எங்கம்மா கூரை?" என்று நனைந்துகொண்டே சத்தம் போட்டார்.

"சார், மொதல்ல வாசல் வழியா வாங்க," என்றாள் ஆவுடை. "வெளிய நின்னு கேட்டா உள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?"

வந்தார். யாரும் சொல்லாமலே பூட்சைக் கழற்றினார். பைலைத் திறந்தார், அதில் ஒரு சொட்டு விழவில்லை. கொஞ்ச நேரம் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பேராச்சி கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்தார், பிறகு எழுதினார்: வீடு உள்ளது, ஒழுகவில்லை.

இனி சுவர் தேவையில்லை என்று ஆனதும்தான் பேராச்சியின் கைக்கு விடுதலை கிடைத்தது. முப்பது வருசம் சட்டியோடு சேர்த்துச் சுமந்த யோசனைகளை எல்லாம் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள், அம்மாடி, அதைப் பார்க்க இரண்டு கண் காணாது. செம்பருத்தியை நெருக்கி நட்டு ஒரு அறை பிரித்தாள், ஆடாதொடையால் இன்னொரு அறை. குளிக்கிற இடத்துக்கு ஆளுயரத்துக்கு எலுமிச்சைப்புல். குளித்துவிட்டுத் திரும்பும்போது உடம்பு தானே மணக்கும். முருங்கை வேர் போகிற போக்கை மறிக்காமல், அது வளைந்த இடத்தில் தானும் வளைந்து, உடைந்த டைல்ஸ் துண்டுகளால் தளம் போட்டாள், நீலம் ஒரு வீட்டுடையது, பச்சை ஒரு வீட்டுடையது, ரோஜாப்பூ போட்ட துண்டு பெரிய டாக்டர் வீட்டுக் குளியலறையுடையது, அத்தனை வீட்டிலும் சேராத அழகு அந்தத் தரையில் வந்து சேர்ந்தது. கட்டிலுக்கு மேலே பீர்க்கம் பந்தல், மஞ்சள் பூ முகத்துக்கு நேரே தொங்கும். எங்கேயோ இடித்த வீட்டு ஜன்னல் சட்டம் ஒன்றை முருங்கைக் கிளையில் இரண்டு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள், உட்கார்ந்து பார்த்தால் எங்கள் மலை அந்தச் சட்டத்துக்குள் அளவெடுத்த மாதிரி வந்து நின்றது. பிறந்ததிலிருந்து அந்த மலையைப் பார்க்கிற எங்களுக்கே அன்றைக்குத்தான் அதற்கு இரண்டு தோள் இருப்பது தெரிந்தது. நிலையும் சும்மா இருக்கவில்லை, பச்சைப் பூவரசு அல்லவா, கீழே வேர் விட்டு, மேலே துளிர்த்து, நெற்றியில் மஞ்சள் பூ வைத்துக்கொண்டு நின்றது.

பட்டணத்திலிருந்து வீடு வரைகிற அம்மா ஒருவர் நாலு பேரோடு வந்தார், மலையில் விடுதி கட்டப் போகிறார்களாம். செம்பருத்திக்கும் நிலைக்கும் எத்தனை அடி, பந்தலுக்கு எத்தனை கம்பு, எல்லாம் அளந்து படம் பிடித்துக்கொண்டு போய் அச்சாக அதே போலக் கட்டினார்கள். மறு மாசம் திரும்பி வந்து, "அங்கே எல்லாரும் நனையுறாங்களே, ஏன்?" என்றார்.

"நிலைய அளந்தியளே தாயி, நிலை வச்ச நேரத்த அளந்தியளா?" என்றாள் பேராச்சி. அந்த அம்மாவும் சிரித்துவிட்டு, நாலு நாள் தங்கி, களை பறித்துப் போட்டு, டைல்ஸ் பதித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

இப்படி ஊரெல்லாம் அந்த வீட்டுக்குள் காய்ந்துகொண்டிருக்க, அந்த வீடு யாருக்காகவோ அவர் மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கல்லில் நனைந்துகொண்டிருந்தார்.

வராமல் இல்லை, வந்தார். அடுத்த வருசம் ஆவணியில் ஒரு நாள் பேராச்சி கூப்பிட்டுக் கூப்பிட்டு வாசல்வரை வந்தார். ஊரே கூடி நின்று பார்த்தது.

"பாரும், சுவரு இல்ல. கூர இல்ல. வானம் தெரியுது. ஒரு எட்டு வையும்."

பூதத்தான் வலது காலைத் தூக்கி நிலைக்கு உள்ளே வைத்தார். மழை அந்தக் காலில் மட்டும் விழாமல் போனது. சட்டென்று காலை இழுத்துக்கொண்டார்.

"உள்ளதாம்ட்டி இருக்கு," என்றார். "இது உள்ளதான்."

"சுவரே இல்லைங்கேன்!"

"சுவரப் பத்தி யாரு சொன்னா?"

சொல்லிவிட்டு நிலைக்காலை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக, எதையோ தேடுகிற மாதிரி உள்ளங்கையால் தடவினார். பிறகு திரும்பிக் கல்லுக்குப் போய்விட்டார். எவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

பாருங்கள் அவள் விதியை. அவர் வரவேண்டுமென்று அவள் திறந்தவெளியைக் கேட்டாள். திறந்தவெளியோ வீடாகிவிட்டது, அதுவும் எங்கள் ஊரிலேயே நல்ல வீடாக. வீடாக இருப்பதைக் குறைத்துப் பார்ப்போம் என்று பந்தலைப் பிரித்தாள், கட்டிலை வெளியே எடுத்தாள், ஒரு செம்பருத்தி வரிசையைக்கூடப் பிடுங்கினாள். ஒன்றும் குறையவில்லை. நிலை வழியாகப் போனவர்கள் அப்போதும் காய்ந்துதான் இருந்தார்கள்.

"கண்ணக் கட்டிக் கூட்டிட்டு வா மதினி," என்றாள் ஆவுடை.

"அவரு என்ன ஆட்டுக்கிடாயா?" என்றாள் பேராச்சி.

ஐப்பசி அடைமழை வந்தது. பூதத்தானுக்கு இருமல் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. கல்லில் குந்தியபடி இருமுகிற சத்தம், மழைச் சத்தத்தையும் மீறி இந்தப் பக்கம் கேட்டது. ஊசி போட வந்த நர்சம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "இந்த மழையை இவர் வெளியிலேயே கழிச்சார்னா, அடுத்த மழைக்கு இருக்க மாட்டார்." பேராச்சி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள், அழவில்லை.

அந்த வாரத்தில்தான் செம்புலிங்க ஆசாரி கதவோடு வந்தார். கதவில்லாத நிலை தன் பேருக்கு இழுக்கு, பார்க்க வருகிற வெளியூர்க்காரன் எல்லாம் "ஆசாரி செத்துட்டாரா"ன்னு கேட்கிறான் என்று, யாரும் சொல்லாமலே வாகையில் ஒரு கதவைச் செய்து, புதுத் தாழ்ப்பாளும் வாங்கி, தலைச்சுமையாகக் கொண்டுவந்துவிட்டார். மழை பேயாகப் பெய்துகொண்டிருந்தது. கதவு மாட்டுவதைப் பார்க்கப் பாதி ஊர் நிலை வழியாக வந்து உள்ளே காய்ந்து நின்றது. கீல் அடித்தாயிற்று, கதவு நின்றது. ஆசாரி உளியைக் காதில் செருகிக்கொண்டு, எல்லா வீட்டிலும் கேட்காமலே செய்கிற வேலைதான், என்னவோ பேச்சுக்குக் கேட்டார்.

"தாழ்ப்பாள இந்தப் பக்கம் முடுக்கிரட்டா தாயி?"

நிலைக்காலைத் தடவிய பூதத்தானின் உள்ளங்கை பேராச்சியின் கண்ணுக்கு முன்னால் மேலும் கீழும் போய்வந்தது. ஒன்றரை நாள் இருட்டில் கதவைத் தடவித் தடவித் தேடிய கை. அது எதைத் தேடியது என்று பதினோரு வருசம் சோறு கொண்டுபோன அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"அந்தப் பக்கம் முடுக்கும்," என்றாள்.

"எந்தப் பக்கம்?"

"ரோட்டுப் பக்கம். அவரு இருக்கிற பக்கம்."

"வீட்டுக்கு எவளாவது வெளித் தாழ்ப்பாள் மட்டும் வைப்பாளா? கோழிக்கூட்டுக்கில்லா வைப்பாக!" என்றார் ஆசாரி. எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். வீடு கெட்டுப்போகும் என்றார்கள். கிடைத்த அதிசயம் கைவிட்டுப் போகும் என்றார்கள். ஆவுடை அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏ மதினி, அவரு ஒரு நேரம் போல இருக்க மாட்டாரு. உன்ன உள்ள வச்சுப் பூட்டிட்டா என்ன செய்வ?"

"பூட்டட்டும்," என்றாள் பேராச்சி. "தாழ்ப்பாள் இல்லாத பக்கம் இத்தன வருசம் அவரு இருந்தாரு. இனி நான் இருக்கேன்."

ஆசாரி முணுமுணுத்துக்கொண்டே ரோட்டுப் பக்கம் போய், மழையில் நின்று, நாலு திருகாணியில் மூன்றை முடுக்கினார். நாலாவது கடைசிச் சுற்றுச் சுற்றி இறுகியது.

உள்ளே நின்ற பாதி ஊர்மேலும் ஒரே நேரத்தில் மழை கொட்டியது. "ஐயோ" என்றது ஒரு குரல், பிறகு எல்லாக் குரலும். ஆவுடையின் பூனை செம்பருத்திக்குள் பாய்ந்தது. டைல்ஸ் தரையில் தண்ணீர் ஓடியது, மலை காட்டிய ஜன்னல் சட்டம் காற்றில் ஆடியது, பேராச்சி தலைமுடி முகத்தில் வழிய, தன் நாலு சென்ட்டின் நடுவில், வெளியில் நிற்கிற எல்லாரையும் போல நனைந்துகொண்டு நின்றாள். போச்சு, எல்லாம் போச்சு என்று ஆளாளுக்குத் தலையில் கைவைத்தபோது, ரோட்டுப் பக்கம் நின்ற ஆசாரி தன் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். தோளில் விழுவது நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் உள்ளங்கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் மழை விழுந்தது, புளியமரத்தில் விழுந்தது, தூரத்தில் எலுமிச்சைத் தோப்பில் வெள்ளைத் திரையாக விழுந்தது, ஒரு மனுசர்மேலும் விழவில்லை. தாழ்ப்பாள் இருக்கிற பக்கம்தானே உள்ளே? அந்தப் பக்கத்துக்கு எல்லை எது, சுவர் எது? எங்கள் ஊர் முழுக்க அந்த வீட்டுக்குள் வந்துவிட்டது.

கல்லில் இருந்த பூதத்தான் தலையிலிருந்த சாக்கை எடுத்தார். நனையவில்லை. எழுந்தார். பத்து எட்டுதான் இருக்கும், இருமிக்கொண்டே நடந்து வந்து கதவுக்கு முன்னால் நின்றார். உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாகத் தடவினார், நடுவில் கை நின்றது. தாழ்ப்பாளைப் போட்டார். எடுத்தார். போட்டார். எடுத்தார். புது இரும்பு டக் டக்கென்று பேசியது. கொத்தனார் அல்லவா, ஒரு கண்ணை மூடிக் கதவு நேராக நிற்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார். பிறகு கதவை அகலத் திறந்தார்.

கதவுக்கு அந்தப் புறம் பேராச்சி நனைந்துகொண்டு நின்றாள். சேலையெல்லாம் மண், கணுக்கால்வரை சேறு.

பூதத்தான் அவளை மேலும் கீழும் பார்த்தார். பதினோரு வருசமாகத் தலையில் போட்டுத் தலையில் போட்டு நைந்துபோன அந்த உரச்சாக்கை உதறி, இரண்டாக மடித்து, நிலைப்படிக்குத் தான் நிற்கிற பக்கம் தரையில் விரித்தார்.

"எவ்வளவு நேரம்ட்டி வெளியவே நிப்ப?" என்றார். "காலத் துடச்சிட்டு உள்ள வா."